ராடு இறங்கும் இடம்

சேர்வராயன் மலையில் காப்பிக்கு விலை பேசுவதே 50 கிலோ மூட்டைக் கணக்கில்தான். நாகலூர்ப் பக்கம் அப்படி ஒரு மூட்டையைத் தோட்டத்திலிருந்து வண்டி நிற்கிற இடத்துக்குச் சுமந்து போகிறவரை ஒரு நிமிஷம் கவனித்துப் பாருங்கள். முதலில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் மூட்டையை ஏற்றிவிடும்போது கழுத்தை நேராக்கி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எடைக்கு அடியில் போய் நிற்கிறார். மூட்டை தலையில் உட்கார்ந்ததும் கிளம்பிவிடுவதில்லை. லேசாக ஒரு அசைப்பு அசைத்து, எடை நடு உச்சிக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் முதல் அடி. தலை, கழுத்து, முதுகெலும்பு, இடுப்பு, கால் எல்லாம் மூட்டைக்கு அடியில் தூண் மாதிரி ஒரே கோட்டில் நிற்கின்றன. இதற்கு அவர் பெயர் எதுவும் வைத்ததில்லை. ஜிம்மில் நாள் முழுக்க 'ஃபார்ம்' 'ஃபார்ம்' என்று கத்துகிறோமே, அது இதுதான். எடையைத் தாங்குவது எலும்பின் வேலை, நகர்த்துவது தசையின் வேலை. பெஞ்ச் பிரஸ் சொல்லிக் கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு இருப்பது ஒரே வாதம்: ராடு மார்பில் எந்த இடத்தில் இறங்குகிறது, அப்போது அதன் அடியில் எலும்புகள் எப்படி நிற்கின்றன என்று உடம்பு கற்றுக்கொள்ளும் வரை, எத்தனை கிலோ என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், நின்றபடி மூட்டையை அத்தனை நேர்த்தியாகச் சுமக்கிற அதே ஆள் பெஞ்சில் மல்லாந்து படுத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தலைச்சுமையில் கோணல் வந்தால் மூட்டை சரியும். தப்பு அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும். ஒலிம்பிக் பளுதூக்குதலும் அப்படித்தான். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்டு கோஸ்ட்டில் 144, 173 என்று 317 கிலோவுக்கு மறுபடியும் தங்கம். அந்த 149 கிலோ, உடம்பை ஒட்டி ஏறாமல் நாலு விரற்கடை முன்னால் விலகிப் போயிருந்தால் தலைக்கு மேல் நின்றிருக்காது, தரையில்தான் விழுந்திருக்கும். ஸ்னாட்ச் தப்பை மன்னிக்காது. பெஞ்ச் பிரஸ் மன்னிக்கும். முழங்கை றெக்கை மாதிரி விரிந்தாலும், மணிக்கட்டு பின்னால் மடங்கினாலும், தோள் முன்னால் பிதுங்கினாலும், இடுப்பு பலகையை விட்டு எழும்பினாலும் 60 கிலோ எப்படியோ மேலே போய்விடும். மேலே போனதால் சரியாகத்தான் செய்தோம் என்று உடம்பு பதிவு செய்துகொள்கிறது. அடுத்த வாரம் அதே தப்பை 65 கிலோவில் செய்கிறது. இந்தக் கடனுக்குத் தவணை பல மாதம் கழித்துத்தான் வரும், அதுவும் தோளில்.

தோளில் வருவதற்குக் காரணம் உண்டு. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் கிண்ணம் என்று சொல்வதே மரியாதைக்காக. சின்னத் தட்டில் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தது போலத்தான் அங்கே மேற்கை எலும்பு நிற்கிறது. கையை எந்தப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான். எளிதில் கெட்டுப்போவதும் அதனால்தான். பந்தைத் தட்டோடு பிடித்து வைப்பவை நான்கு சிறிய தசைகள். அந்தத் தட்டைத் தாங்குகிற தோள்பட்டை எலும்போ விலாவின் மேல் மிதக்கிறது. நடு உடம்போடு எலும்பு வழியாக அதற்கு இருக்கிற ஒரே தொடர்பு காறை எலும்பு. தண்டால் எடுக்கும்போது தோள்பட்டை முதுகின் மேல் தாராளமாக வழுக்கி நகரும். பெஞ்சில் படுத்தால் பலகைக்கும் உடம்பின் எடைக்கும் நடுவே அது மாட்டிக்கொள்கிறது. மாட்டுகிறபோது எந்த நிலையில் மாட்டியது என்பதில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது. ராடைத் தொடுவதற்கு முன்பே இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் இழுத்து, காதை விட்டுக் கீழே இறக்கி, முதுகுத் தோல் நடுவில் மடிகிற அளவுக்கு நெருக்கிப் படுத்தால் மேல் முதுகு ஒரு திண்ணை ஆகிவிடும். அந்தத் திண்ணைதான் இங்கே சும்மாடு. அது இல்லாமல் தளர்ந்து படுத்தவர் ராடை மேலே தள்ளும்போது தோளும் கூடவே மேலே போகும். எடை முழுவதும் மூட்டின் முன்பக்கம் சாயும். வலி எங்கே என்று கேட்டால், தோளின் முன்புறத்தில் ஒரு விரலை வைத்துக் காட்டுவார்கள்.

அடுத்தது ராடு இறங்குகிற இடம். கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே, காறை எலும்புக்கு நேராக இறக்கினால் மார்பு நன்றாக விரியும் என்று ஒரு நம்பிக்கை ஜிம்களில் உலவுகிறது. அந்தப் பாதையில் ராடு நேர்கோட்டில் ஏறி இறங்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் மேற்கை உடம்புக்குச் செங்குத்தாக, சிலுவையில் அறைந்த மாதிரி, பக்கவாட்டில் விரிந்துவிடுகிறது. அந்த நிலையில் எடையோடு கீழே போகும்போது, மேற்கை எலும்பின் தலைக்கும் அதற்கு மேலே கூரை போல நிற்கிற எலும்பு முனைக்கும் நடுவில் இருக்கிற தசைநார்கள் நசுங்க வாய்ப்பு அதிகம். முழங்கையைக் கொஞ்சம் உள்ளே கொண்டு வந்து, விலாவுக்கும் கைக்கும் நடுவே ஏறத்தாழ 45 முதல் 70 பாகைக்குள் வைத்துக்கொண்டால், ராடு மார்புக்காம்புக்குச் சற்றுக் கீழே, மார்பெலும்பின் அடிப்பகுதியில் வந்து தொடும். ஆனால் கை நீட்டி முடிக்கும்போது ராடு நிற்க வேண்டிய இடம் தோள் மூட்டுக்கு நேர் மேலே. அங்கே நின்றால் மட்டுமே எலும்பு எடையைத் தாங்கும், தசை ஓய்வாக இருக்கும். ஆக, இறங்குகிற இடம் வேறு, முடிகிற இடம் வேறு. ராடு சாய்வாகத்தான் பயணம் செய்ய வேண்டும்: இறங்கும்போது வயிற்றுப் பக்கமாக, ஏறும்போது முகத்தின் பக்கமாக. தாமஸ் மெக்லாலின் என்ற ஆய்வாளர் பவர்லிஃப்டிங் வீரர்களைப் படம் பிடித்து அளந்து 1984இல் ஒரு புத்தகம் போட்டார். அவர் கண்டது இதுதான்: தேர்ந்தவர்கள் மார்பிலிருந்து தள்ளத் தொடங்கும்போதே ராடைத் தோள் பக்கமாகப் பின்னால் கொண்டு போகிறார்கள், புதியவர்கள் முதலில் நேராக மேலே தள்ளிவிட்டு, பாதி வழியில் திணறும்போதுதான் பின்னால் நகர்த்துகிறார்கள். எடையைத் தோளுக்கு மேல் சீக்கிரம் கொண்டு வருகிறவருக்கு நெம்புகோல் சீக்கிரம் சுருங்குகிறது. தலையில் ஏறிய மூட்டையை ஓர் அசைப்பில் நடு உச்சிக்குக் கொண்டு வருகிறாரே, அதே காரியம்.

மணிக்கட்டைப் பற்றிப் பேசும்போது பலர் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராடு 60 கிலோ, ஒரு கைக்கு 30. ராடு விரல்களின் பக்கமாக உட்கார்ந்து, மணிக்கட்டு பின்னால் மடங்கி, முன்கை எலும்பின் கோட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பதை ஐந்தால் பெருக்கினால் 150. ஒரு 30 சென்டிமீட்டர் கம்பின் முனையில் 5 கிலோ கல்லைக் கட்டி, மறுமுனையை மணிக்கட்டால் மட்டும் பிடித்து நிறுத்தினால் வருகிற சுமையும் அதே 150தான். ஒவ்வொரு ரெப்புக்கும் இந்தத் தண்டச் செலவு. ராடை உள்ளங்கையின் அடிமேட்டில், கட்டைவிரல் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது முன்கை எலும்பின் மேலேயே நிற்கும், செலவு மிச்சம். கட்டைவிரலை ராடைச் சுற்றிப் போடாமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது என்பார்கள். வசதிதான். ஆனால் வியர்வையில் ராடு வழுக்கினால் அடுத்து அது நிற்கிற இடம் மார்பு அல்லது கழுத்து. அந்தப் பிடிக்கு ஆங்கிலத்தில் தற்கொலைப் பிடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், சும்மா வைக்கவில்லை. கைகளுக்கு நடுவே எவ்வளவு அகலம் என்பதற்கும் அளவு உண்டு. தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் தோளில் காயம்படும் வாய்ப்பு கூடுகிறது, அதற்குள் வைத்துக்கொண்டால் அதிகபட்ச எடையில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் வித்தியாசப்படும் என்று கிரீன், கம்ஃபர்ட் இருவரும் 2007இல் ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். 100 கிலோ தூக்குகிறவருக்கு அது 5 கிலோ. அந்த 5 கிலோவுக்காகத் தோளைப் பணயம் வைப்பது போட்டிக்காரரின் முடிவாக இருக்கலாம். காலையில் மிளகு ஏணியில் ஏற வேண்டியவரின் முடிவாக இருக்க முடியாது.

காலைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். மார்புக்கான பயிற்சியில் காலுக்கு என்ன வேலை? பாதம் முழுவதும் தரையில் அழுந்தி, தொடை இறுகி இருந்தால் மேல் முதுகு பலகையில் பதிந்து நிற்கும், திண்ணை ஆடாது. பாதத்தைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள், வெறும் ராடே இரண்டு பக்கமும் ஊசலாடும். இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு: மாற்றுத்திறனாளிகளின் பாரா பவர்லிஃப்டிங்கில் கால்களைப் பெஞ்சின் மேல் நீட்டியபடிதானே தூக்குகிறார்கள்? 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ராஜிந்தர் சிங் ரஹேலு 56 கிலோ பிரிவில் 157.5 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் சுதீர் 212 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். காலின் துணையே இல்லாமல் இவ்வளவு முடிகிறது என்றால் கால் தேவையில்லை என்றுதானே ஆகும்? என் பார்வையில் இந்த உதாரணம் எதிர்ப்பக்கம்தான் பேசுகிறது. அந்த விளையாட்டில் பெஞ்ச் நீளமாக, கால்களும் கிடக்கிற அளவுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. கால்களைப் பட்டையால் கட்டிக்கொள்ளவும் அனுமதி உண்டு. தரையில் ஊன்ற முடியாத உடம்புக்கு வேறு வழியில் அசையாத அடித்தளம் கட்டிக் கொடுத்த பிறகுதான் எடையை ஏற்றுகிறார்கள். அதற்கு மேல் அங்கே இருக்கிற ஒழுங்கு: ராடு மார்பில் வந்து அசையாமல் நிற்க வேண்டும், பிறகு இரண்டு கையும் ஒரே சீராக மேலே போக வேண்டும். துள்ளவிட்டால் நடுவர் சிவப்பு விளக்கு காட்டுவார். பாராலிம்பிக்கில் இந்தத் துறை முழுக்க முழுக்கப் பெஞ்ச் பிரஸ் ஒன்றை மட்டுமே வைத்து நடக்கிறது. முறை கற்க விரும்புகிறவர்கள் பார்க்க வேண்டிய காணொளி தசைக்காட்டுக்காரர்களுடையது அல்ல, இவர்களுடையது.

முதுகை வளைப்பது ஏமாற்று வேலை என்று ஒரு குற்றச்சாட்டு. பாதி உண்மை. மேல் முதுகை நெஞ்சு உயரும்படி நிமிர்த்தினால் தோள்பட்டை தானாகவே பின்னால் போய்ச் சரியாக உட்காரும். அந்த அளவுக்கு வளைவு இருந்தே ஆக வேண்டும். இடுப்பு பலகையில் பட்டுக்கொண்டிருக்கிற வரை அது முறைக்குள்தான் சேர்த்தி. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் மனிதர்கள் எந்த வளைவையும் அளவோடு விடுவதில்லை. ராடு நகர்கிற தூரமே நாலைந்து விரற்கடையாகச் சுருங்கும் வரை வளைந்தார்கள். சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம் 2023 ஜனவரி முதல் புதிய விதி போட்டது: ராடு மார்பில் இருக்கும்போது முழங்கையின் அடிப்பகுதி தோள் மூட்டின் மேற்பரப்புக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கியிருக்க வேண்டும். இதற்கு முன்னோடியான கதை ஒன்றும் உண்டு. ஒலிம்பிக்கில் ஒரு காலத்தில் நின்றபடி தலைக்கு மேல் தள்ளுகிற 'பிரஸ்' மூன்றாவது பிரிவாக இருந்தது. வீரர்கள் பின்னால் சாயத் தொடங்கினார்கள். சாய்வு ஆண்டுக்கு ஆண்டு கூடியது. எது நேர், எது சாய்வு என்று நடுவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். பெஞ்ச் பிரஸ்ஸைப் போட்டியாக நடத்துகிற பவர்லிஃப்டிங் சம்மேளனம் பிறந்ததும் அதே 1972இல். கிலோவை மட்டும் எண்ணினால் முறை எப்படிக் கரையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. உலக நடுவர்கள் முன்னாலேயே கரைந்தது, நடுவரே இல்லாத ஜிம்மில் எத்தனை நாள் நிற்கும்?

"நம்ம பெரியவங்க என்ன ஃபார்ம் பாத்தா தூக்குனாங்க?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இளவட்டக்கல்லைத்தான் சொல்கிறார்கள். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலையொட்டி அந்தப் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். உருண்டையான கல், பிடிக்க விளிம்பு கிடையாது. குத்தவைத்து, கல்லை மடிக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, எழுந்து, தோளுக்கு மாற்றுகிறார்கள். எந்த இடத்திலும் கல் உடம்பை விட்டு விலகுவதில்லை. விலகினால் தூக்கவே முடியாது. அதில் முறை இல்லை என்று யார் சொன்னது? முறைக்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான். கல்லே வாத்தியாராக இருந்து திருத்திவிடுகிறது. பெஞ்சுக்கு அந்தக் குணம் கிடையாது என்பதால்தான் மாஸ்டர் தேவைப்படுகிறார். இதையே இன்னொரு விதமாகவும் கேட்பார்கள்: கோணல்மாணலாகச் செய்கிற ஒருவர் 120 கிலோ தூக்குகிறாரே, பத்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே? ஆகவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். உடம்பு அமைப்பு, வயது, வேலை எல்லாம் சேர்ந்து சிலரைக் காப்பாற்றும். அடிபட்டு நின்றுவிட்டவர்கள் ஜிம்மில் நம் கண்ணில் படுவதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். பெரிய மார்புத் தசை கிழிவதைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளில் முதலிடம் பெஞ்ச் பிரஸ்ஸுக்குத்தான். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள். பெரும்பாலும் ராடு கீழே இறங்கும்போது, மார்புக்குப் பக்கத்தில், தசை நன்றாக இழுபட்டிருக்கிற அந்த இடத்தில்தான் கிழிகிறது. ராடைத் தொப்பென்று போட்டுத் துள்ளவைத்து எடுப்பவர்கள் விளையாடுவது சரியாக அந்த இடத்தோடுதான்.

எல்லா உடம்பும் ஒன்றா, ஒரே முறை எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். நீளக் கைக்காரருக்கு ராடு நீண்ட தூரம் இறங்கும், பிடி கொஞ்சம் அகலமாகும். நெஞ்சுக்கூடு உருண்டையானவருக்கு மார்பு சீக்கிரம் எட்டிவிடும். பழைய தோள் காயம் இருப்பவருக்கு முழங்கை இன்னும் உள்ளே வர வேண்டியிருக்கும், அல்லது தரையில் படுத்துச் செய்கிற பிரஸ்ஸே போதுமானதாக இருக்கும். பாகை, அகலம், தொடுகிற இடம் ஆளுக்கு ஆள் மாறும். மாறாதவை சில: பக்கத்திலிருந்து பார்த்தால் ராடு, மணிக்கட்டு, முழங்கை மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில்; முன்கை எந்த நேரமும் தரைக்குச் செங்குத்தாக; தோள்பட்டை பின்னால்; முடிவில் ராடு தோளுக்கு மேலே. மூட்டை சுமப்பவர்கள் எல்லாரும் ஒரே உயரமா என்ன? ஆளுக்கு ஏற்றபடி நடை மாறுகிறது, எடையின் கோடு மாறுவதில்லை.

இதெல்லாம் சரி, மலைக்காரனுக்குப் பெஞ்ச் பிரஸ் எதற்கு? இதுதான் எனக்குக் கடினமான கேள்வி. மல்லாந்து படுத்து எதையும் மேலே தள்ளுகிற வேலை எந்தத் தோட்டத்திலும் இல்லை. தமிழ்நாடு காவலர் தேர்வில்கூடக் கயிறு ஏறச் சொல்கிறார்கள், ஓடச் சொல்கிறார்கள், தாண்டச் சொல்கிறார்கள். பெஞ்ச் பிரஸ் கேட்பதில்லை. கயிறு ஏறுவதற்கு இழுக்கிற பலம் வேண்டும், அது மரம் ஏறுகிற, கிளை வளைக்கிற, மூட்டை தூக்குகிற ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதனாலேயே தள்ளுகிற பலம் பின்தங்கிக் கிடக்கிறது என்பதுதான் என் பதில். இழுக்கிற முதுகுக்கு ஈடாகத் தள்ளுகிற மார்பும் புஜமும் இருந்தால்தான் தோள் மூட்டு இரண்டு பக்கமும் கட்டுப்பட்டு நிற்கும். அதற்குத் தண்டால் போதாதா என்றால், தொடக்கத்தில் போதும். முதுகை நேராக வைத்து எடுக்கிற தண்டாலில் உடம்பு எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வருகிறது. 60 கிலோ ஆளுக்கு அது 40 கிலோ. ஒழுங்காக இருபது தண்டால் எடுக்க முடியாதவர் பெஞ்சுக்கு அவசரப்பட வேண்டியதே இல்லை. ஆனால் தண்டாலில் எடையைக் கிலோ கிலோவாகக் கூட்ட முடியாது, குறைக்கவும் முடியாது. 40 கிலோவைத் தள்ள முடியாதவருக்கு, குறிப்பாகப் புதிதாகத் தொடங்குகிற பெண்களுக்கு, 10 கிலோவில் தொடங்க வழி கொடுப்பது பெஞ்ச் பிரஸ்தான். அளவாகக் கொடுக்க முடிகிற மருந்து என்பதே அதன் உண்மையான பெருமை.

அளவு என்றதும் இங்குள்ள ஜிம்களின் பெரிய குறை நினைவுக்கு வருகிறது: சின்ன பிளேட் இருக்காது. மிகச் சிறியது 2.5 கிலோ என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு தாவலுக்கு 5 கிலோ. 100 கிலோ தூக்குகிறவருக்கு அது இருபதில் ஒரு பங்கு. 30 கிலோ தூக்குகிறவருக்கு ஆறில் ஒரு பங்கு. 50 கிலோ மூட்டை சுமப்பவர் தலையில் திடீரென்று இன்னும் எட்டு கிலோவைக் கொட்டினால் நடை எப்படி இருக்குமோ, அப்படித்தான் அடுத்த செட் இருக்கும். முறை கெடுவது பெரும்பாலும் இந்தத் தாவலில்தான், சோம்பலில் அல்ல. பழைய இரும்புக் கடையில் ராடின் தடிமனுக்குப் பொருந்துகிற வளையம் தேடி, அரை கிலோ, ஒரு கிலோவில் இரண்டிரண்டு வாங்கி வைத்தால் தீர்ந்தது. விலை ஒரு புரோட்டீன் டப்பாவில் கால்வாசிகூட வராது. கற்றுக்கொள்கிற வாரங்களில் வெறும் ராடு, அதுவும் கனம் என்றால் ஒரு மூங்கில் கம்பு. ஐந்தைந்து ரெப், அதிக செட். ஒவ்வொரு முறையும் ராடு மார்பில் தொட்டு ஒரு கணம் நின்று பிறகு ஏற வேண்டும். அந்த ஒரு கணத்தில் துள்ளலுக்கு இடமில்லை, பொய்க்கும் இடமில்லை. செல்போனைப் பெஞ்ச் உயரத்துக்குப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்தால் முழங்கைக்கு மேல் ராடு நிற்கிறதா என்று அவரவரே பார்த்துக்கொள்ளலாம். முகத்துக்கு நேராக வைத்து எடுக்கிற படம் ஸ்டேட்டஸுக்குத்தான் ஆகும்.

மலைக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஐந்து ரெப் செட்டுக்குத் தேவையான சக்தி தசையிலேயே சேமிப்பில் இருப்பதால் தூக்குகிற எடை குறையாது. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே மூச்சு பழைய நிலைக்குத் திரும்பத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும். சேலத்தில் இரண்டு நிமிஷம் உட்காருகிறவர், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் மூன்று நிமிஷம் உட்காரட்டும். மார்கழிக் காலைக் குளிரில் நேராகப் பெஞ்சில் படுக்கக் கூடாது. கையைச் சுழற்றி, தண்டால் எடுத்து, வெறும் ராடில் இரண்டு செட் போட்ட பிறகே பிளேட். பனி இறங்குகிற ஊரில் ராடு துரு பிடிக்கும். துருவைத் தேய்த்து எண்ணெய் தடவிவிட்டு அப்படியே பிடித்தால் கை வழுக்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். தள்ளும்போது மூச்சை வயிற்றில் அடக்கிக்கொள்வது உடம்பை இறுக்கும், பலமும் தரும். ஆனால் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. தனியாகச் செய்கிறவர் பிளேட்டுக்கு லாக் போடாமல் இருந்தால், ராடு மார்பில் சிக்கும்போது ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை உதறிவிட முடியும். அதைவிட நல்லது, சப்போர்ட்டுக்கு ஓர் ஆளை நிறுத்திக்கொள்வது. ராடு பாதியில் நின்றுபோகிற வரை அவர் அதைத் தொடக் கூடாது. ஒவ்வொரு ரெப்புக்கும் அவரே பாதியைத் தூக்கிக் கொடுத்தால் யாருடைய பலம் வளர்கிறது என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. சர்வதேச பவர்லிஃப்டிங் போட்டி ராடு 20 கிலோ. சின்ன ஜிம்களில் இருக்கிற ராடுகள் 7 கிலோவும் இருக்கும், 12 கிலோவும் இருக்கும், மேலே எதுவும் எழுதியிருக்காது. பிளேட்டில் அச்சடித்த எண்ணும் எடையும் ஒத்துப்போகும் என்று சொல்வதற்கில்லை. உங்கள் ஊரில் காப்பி நிறுக்கிற தராசு கட்டாயம் இருக்கும். மூட்டை இறக்காத ஒரு மத்தியானத்தில் ராடையும் பிளேட்டுகளையும் எடுத்துப்போய் அதில் வைத்து நிறுத்து, வந்த எடையைப் பெயிண்டால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.